இரண்டாம் வரிசை

பிப்ரவரி 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களைப் போன்றவர்கள் நலம் கெட்டு நான் பார்த்ததில்லை.

போனில் கூப்பிடாமல் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் பேசினால் கேட்பதற்கு இதமாக இருக்கும். வைத்துவிட்டுப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடைக்காரர்கள் வாயால் சொன்னதை நான் ஒருநாளும் குறித்துக்கொண்டதில்லை, தராசு சொன்னதைத்தான் குறித்தேன். ஆகவே நமக்குள் இனி எல்லாம் எழுத்தில்.

போன வருடம் என் மொட்டை மாடியில் பத்து சோலார் பேனல்களை இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டுப் போனீர்கள். மாமனாருக்குச் செய்த உபகாரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டீர்கள். "அஞ்சு கிலோவாட் மாமா. நாளைக்கு இருபது யூனிட். கண்ண மூடிக்கிட்டு எழுதிக்குங்க" என்றீர்கள். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். ஐந்து என்ற எண்ணை உங்கள் இன்வெர்ட்டர் பெட்டி இன்றுவரை காட்டவில்லை. இருபது யூனிட்டும் வரவில்லை. பதினைந்து வருகிறது, மனம் குளிர்ந்தால் பதினாறு. கிலோவுக்கு முக்கால் கிலோ போட்டவன் கடைக்குச் சீல் வைத்த கை இது. மாப்பிள்ளை என்பதால் சும்மா இருக்கிறது.

என் மகள் ஒரே ஒரு பையோடு இங்கே வந்து ஆறு வாரம் ஆகிறது. ஏன் வந்தாள் என்று நான் அவளைக் கேட்கவில்லை. உங்கள் பேனலைப் பார்த்தாலே தெரிகிறது, தனியாகக் கேட்பானேன். அவளை அனுப்பச் சொல்லி உங்கள் சித்தப்பாவை இரண்டு முறை தூது அனுப்பினீர்கள். என் பதில் இதுதான். உங்கள் பேனல் ஒரு வாரம் விடாமல் நாளுக்கு இருபது யூனிட் கொடுக்கட்டும். அன்றைக்கு உங்கள் பேச்சுக்கும் எடை உண்டு என்று ஒத்துக்கொண்டு, மகளை நானே பஸ் ஏற்றி அனுப்புகிறேன். அதுவரை அவள் இருக்கும் இடம் இது.

இன்னொன்று. மீட்டர் கணக்கை உங்கள் போனுக்கு அனுப்புகிறது என்று ஒரு குச்சியை அந்தப் பெட்டியில் செருகி வைத்திருந்தீர்கள் அல்லவா? பிடுங்கி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டேன். என் வீட்டில் எவ்வளவு வெளிச்சம் என்று இன்னோர் ஊரில் உட்கார்ந்து யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தகப்பன்.


பிப்ரவரி 9

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விஷயமும் அப்படி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஐந்து கிலோவாட் என்பது பேனல் செய்கிற இடத்தில், குளிர்ந்த அறையில், நேர் வெளிச்சத்தில் அளந்து ஒட்டுகிற எண். மாடியில் வெயில் ஏற ஏறப் பேனல் சூடாகும், சூடானால் அதன் திறன் குறையும். உங்களாலும் காலையில் நடக்கிற நடையை மதியம் நடக்க முடியாது, அதற்காக உங்களுக்கு யாரும் சீல் வைப்பதில்லை. இதை மாட்டிய அன்றே சொன்னேன். அப்போது நீங்கள் பேனல் கால்கள் நேராக நிற்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இருபது யூனிட் என்று சொன்னது சொன்னதுதான். உங்கள் நிபந்தனைக்கு நான் சம்மதம். ஒரு வாரம், விடாமல், இருபது. வந்ததும் அவளை அனுப்பிவிட வேண்டும், பிறகு வேறு சாக்கு சொல்லக் கூடாது. நீங்கள் எழுதிவிட்டீர்கள், நானும் எழுதிவிட்டேன். அவளிடம் சொல்லி வையுங்கள், பையிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் அடுக்க வேண்டாம். திரும்ப அடுக்குகிற வேலைதான் மிச்சம்.

ஒரே ஒரு கேள்வி. போன வருடத்திலிருந்து இன்றுவரை அந்தப் பேனல்களின் மேல் ஒரு வாளித் தண்ணீராவது ஊற்றினீர்களா? உங்கள் மூக்குக் கண்ணாடியை ஒரு நாளில் எத்தனை தடவை துடைக்கிறீர்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். மாடியில் இருப்பதும் கண்ணாடிதான். தூசி படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. வெயில் ஏறுவதற்கு முன்னால், வெறும் தண்ணீர், மெல்லிய துணி. சோப்புப் போட்டு உங்கள் திறமையைக் காட்ட வேண்டாம்.

பணிவுடன்,
மாப்பிள்ளை.


பிப்ரவரி 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து உரக்கப் படித்தேன். நான் எழுதியதையும் தபாலில் போடுவதற்கு முன் இப்படித்தான் படித்தேன். நமக்குள் ஒளிவுமறைவு எதற்கு, அவளும் கேட்கட்டும். "துணியை அடுக்க வேண்டாம்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். உங்கள் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு.

அந்தக் கடிதம் வந்த மறுநாள் உங்கள் பேனல் கொடுத்தது வெறும் எட்டு. வாசித்த வெட்கத்தில் சுருங்கிவிட்டதோ என்னவோ.

அதற்கடுத்த நாள் விடியும்போதே மாடிக்குப் போனேன். ஒத்துக்கொள்கிறேன், அழுக்கு இருந்தது. பறவைகள் தங்கள் பங்கை வஞ்சனை இல்லாமல் செய்திருந்தன. ஒவ்வொரு பேனலுக்கும் கீழ் விளிம்பில் சேறு காய்ந்து பட்டை கட்டியிருந்தது. முக்காலி போட்டு ஏறி, என் பழைய சட்டையைக் கிழித்து, பத்தையும் துடைத்தேன். நீங்கள் வந்து செய்ய வேண்டிய வேலை. பொருளைத் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்குத் துடைக்கிற வேலை எதற்கு?

அன்றைக்குப் பத்தொன்பதரை வந்தது. மறுநாளும் அதுவே. நான் நியாயஸ்தன், அதனால் சாப்பிடும்போது மகளிடமே சொன்னேன். "உன் புருஷன் ஜெயிச்சிடுவான் போலிருக்கே" என்றேன். அவள், "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாள் பத்து. அழுக்கும் இல்லை, மேகமும் இல்லை, பத்து. பிறகு ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் பத்தொன்பது.

சில கடைகளில் ஆய்வாளர் வருகிற அன்று மட்டும் தராசு ஒழுங்காக நிற்கும். உங்கள் சரக்கு அதற்கும் கீழே. அது எனக்குக்கூடப் பயப்படவில்லை.

இப்படிக்கு,
மாமனார்.


பிப்ரவரி 26

மாமா அவர்களுக்கு,

அழுக்கு இருந்தது என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. இந்த வார்த்தையை உங்களிடமிருந்து வாங்க மூன்று வருடம் மாப்பிள்ளையாக இருக்க வேண்டியிருந்தது.

திடீரென்று பாதியாகக் குறைகிறது என்றால் வரிசைகளில் ஒன்று படுத்துவிடுகிறது. ஐந்து பேனல்கள் கைகோத்து நிற்பதுதான் ஒரு வரிசை. ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் வரிசை முழுக்க இழுபடும். இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தால் மொத்தமும் நின்றுபோகும். பெட்டியின் திரையில் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று தனித்தனியாகக் காட்டும். தினமும் மதியம் இரண்டையும் பார்த்து எழுதி அனுப்புங்கள். பக்கத்தில் யாராவது புதிதாகச் சுவர் எழுப்பினார்களா, மரம் வளர்ந்ததா, உங்கள் தண்ணீர்த் தொட்டியை நகர்த்தினீர்களா, அதையும் பாருங்கள். நிழல் என்றால் மெல்ல வரும், மெல்ல விலகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்களுக்கு வேறு என்ன வேலை?

இங்கே கடையில் ஒரே குழப்பம். கூரைக்குக் கூரை எந்தப் பேனலை எங்கே வைப்பது என்று படம் போட்டுத் தர ஒரு ஆளைப் பிடித்தேன். மாடிப்படிக் கூண்டின் வாசலை அடைத்து இரண்டு பேனல் வரைந்து வைத்திருக்கிறான், அதன் கதவைத் திறக்க வழியில்லாமல். மூன்று வாடிக்கையாளர்கள் எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் இல்லாமல் கடை ஓடவில்லை என்று மட்டும் இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தலையில் ஏறிக்கொள்ளும். சீக்கிரம் வரட்டும்.

பணிவுடன்,
மாப்பிள்ளை.


மார்ச் 10

மாப்பிள்ளை அவர்களுக்கு,

"சொல்லிவிடாதீர்கள்" என்று நீங்கள் எழுதியதையும் சேர்த்துத்தான் மேசையில் படித்தேன். படிப்பதில் நான் எதையும் விடுவதில்லை. அவள் சிரித்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் பேனலின் லட்சணம். கடிதம் வந்த மறுநாள் முதல் வரிசை ஒழுங்கு, இரண்டாம் வரிசை பூஜ்யம். குறைவு இல்லை, பூஜ்யம். காலையிலிருந்து மாலைவரை அப்படியே. அடுத்த நான்கு நாள் இரண்டு வரிசையும் இரட்டைக் குழந்தைகள் மாதிரி ஒரே எண். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "இந்தத் தடவை வாரம் முழுக்கத் தாண்டிடும்" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். மறுநாள் இரண்டாம் வரிசை மீண்டும் பூஜ்யம்.

பக்கத்தில் சுவர் எழும்பவில்லை. மரம் இல்லை. தண்ணீர்த் தொட்டி வைத்த இடத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே மணிக்கு ஒரு தடவை ஏறி இறங்கினேன், முழங்கால்தான் தேய்ந்தது. நிழல் விழவே இல்லை.

மோட்டார் பழுது பார்க்கிற எலக்ட்ரீஷியன் ஒருவரையும் அழைத்து வந்தேன். அவர் வந்த அன்று எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் உசிரோட இருக்கு சார். இத மாட்டினவர் நல்லாத்தான் மாட்டியிருக்காரு" என்றார். அவரை இனிமேல் கூப்பிட மாட்டேன்.

என் மகள் ஒன்று சொன்னாள். "அந்த மூலையில நிழல் விழாதுப்பா. பாத்துத்தான் வச்சது. நம்ம மாடிக்குப் படம் போட்டதே நான்தான்." எனக்குப் புதிய செய்தி. "ராத்திரி பகலா உக்காந்து நானே போட்டேன் மாமா" என்று என்னிடம் ஒரு தாளை நீட்டி உதார் விட்டீர்களே, அந்தப் படமா? மற்றவன் படிக்கல்லைத் தன் கடையில் வைத்து எடை போடுகிற ஆட்களையும் நான் பிடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாமனார்.


மார்ச் 16

மாமா அவர்களுக்கு,

படம் யார் போட்டது என்பதா இப்போது பிரச்சினை? ஒரு குடும்பத்தில் யார் கை போட்டால் என்ன? பேச்சை மாற்ற வேண்டாம்.

உங்கள் கணக்கை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்த்தேன். பத்து வருடமாகக் கூரை கூரையாக ஏறி இறங்கியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அழுக்கு என்றால் இரண்டு வரிசையும் சேர்ந்து குறையும். நிழல் என்றால் நேரத்துக்கு நேரம் மாறும். தளர்ந்த இணைப்பு என்றால் சூட்டுக்கு ஒரு மாதிரி, குளிருக்கு ஒரு மாதிரி விட்டுவிட்டு வரும். பேனலே செத்துவிட்டது என்றால் மறுநாள் எழுந்து உட்காராது. உங்கள் இரண்டாம் வரிசை விடிந்தது முதல் இருட்டும்வரை சுத்தமாக நின்று, மறுநாள் சுத்தமாக ஓடுகிறது. இது பழுது இல்லை. கை.

எந்த நாட்களில் நிற்கிறது? என் கடிதம் வந்து நீங்கள் படித்த மறுநாள். ஜெயித்துவிடுவான் போல என்று நீங்கள் சொன்ன மறுநாள். வாரம் தாண்டிவிடும் என்று சொன்ன மறுநாள். பேனலுக்குக் காது கிடையாது மாமா. மாடிப்படிக் கூண்டின் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, மூடி போட்டது. உள்ளே வரிசைக்கு ஒரு திருகு சுவிட்ச். திருப்பினால் அந்த வரிசை நிற்கும். கூரையில் வேலை நடக்கும்போது அணைப்பதற்காக நானே வைத்தது.

உங்கள் வீட்டில் காது உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி. என்னிடம் வந்து சேர நாளை எண்ணிக்கொண்டிருப்பவள். மிச்சம் யார் என்று எடை போட ஆய்வாளர் தேவையில்லை.

தராசுத் தட்டுக்கு அடியில் காந்தத்தை ஒட்டி ஏமாற்றியவனைப் பிடித்த கதையை எங்கள் கல்யாண வீட்டிலேயே மூன்று தடவை சொன்னீர்கள். அன்று அந்தக் காந்தத்தை மட்டும் ஒப்படைக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. தோற்கப் பயமாக இருந்தால் தோற்கப் பயம் என்று எழுதுங்கள். மகளை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசை என்றால் அதை எழுதுங்கள். விடியற்காலையில் திருட்டுத்தனமாகச் சுவிட்சைத் திருகுவது உங்கள் வயதுக்கு அழகா?

மாப்பிள்ளை.


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை மேசையில் படிக்கவில்லை. என்னைத் திருடன் என்று எழுதியதை என் மகள் முன்னால் வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியாது. உங்கள் கடிதம் வரும்வரை அந்த மூடியை நான் திறந்ததில்லை. இதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பு உங்கள் கடையில் இல்லாத சரக்கு.

ஆனால் காது பற்றி நீங்கள் சொன்னது என்னைத் தூங்க விடவில்லை. வெயில் ஏறியதிலிருந்து தினமும் இருபது, இருபதரை என்று வர ஆரம்பித்திருந்தது. ஆறாம் நாள் சாப்பிடும்போது, "நாளையோட ஒரு வாரம் ஆகுது" என்றேன். அவள் சரி என்றாள். மறுநாள் விடிவதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஈரத்துணி வாளியோடு அவள்தான் மேலே வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்து, சுவிட்சைத் திருகி, மூடியைச் சாத்தினாள். பிறகு துணியை உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள். பயந்து பயந்து செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் அடுப்பை அணைப்பது போல அணைத்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றேன்.

"துணி காயப் போடறேன்."

"பெட்டியில என்ன பண்ணினே?"

"ரெண்டாம் வரிசைய நிறுத்தினேன்." தலையைக்கூடத் திருப்பவில்லை. "இன்னிக்கு ஓடினா ஒரு வாரம் ஆயிடும். ஆச்சுன்னா நீங்க என்னை அனுப்பணும். எழுதிக் குடுத்திருக்கீங்க."

"போக இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு கேட்டாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "தராசுல வைக்கறதுக்கு நான் என்ன படிக்கல்லாப்பா? நீங்க ஒரு தட்டு, அவரு ஒரு தட்டு. அவருக்கு ஜெயிக்கணும், உங்களுக்கு அவரு தோக்கணும். ரெண்டு மாசமா பேனலுக்கு என்ன ஆச்சு, பேனலுக்கு என்ன ஆச்சுன்னு பக்கம் பக்கமா எழுதறீங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு ரெண்டு பேரும் ஒரு வரி எழுதலையே. பாவம், அந்தப் பேனல் ஒண்ணுதான் இந்த வீட்டுல ஒழுங்கா வேலை பாக்குது."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். மாலையில் சுவிட்சை நான்தான் மறுபடி போட்டேன்.

இதில் உங்களுக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. உங்களிடம் வந்து சேர நாளை எண்ணுகிறவள் என்று எழுதினீர்களே, அவள் எண்ணியது இப்படி. இப்போது கேட்கிறேன். அவள் ஏன் வந்தாள்? அவளைக் கேட்டால், "அவரையே கேளுங்க, அவருக்குத் தெரியுதான்னு பாப்போம்" என்கிறாள்.

மாமனார்.


மார்ச் 29

மாமா அவர்களுக்கு,

விசாரிக்காமல் எழுதியதற்கு வருந்துகிறேன். இது போதும் என்று நினைக்கிறேன்.

அவள் ஏன் வந்தாள் என்றால், சொல்லும்படி ஒன்றுமே நடக்கவில்லை. கடைக்குப் பெரிய ஆர்டரோடு ஒரு மில்காரர் வந்தார். கூரைப் படத்தில் ஏதோ சந்தேகம் கேட்டார். என்னிடம் கேட்ட கேள்விக்கு இவள் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவர் முகம் மாறிவிட்டது. நான் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அவளுக்குத் தெரியாது சார், சும்மா பில் போட உக்காந்திருக்கா" என்றேன். அவ்வளவுதான். வியாபாரத்தில் அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. பெண்பிள்ளை போட்ட படம் என்றால் மில்காரர் இரண்டு தடவை யோசிப்பார். ஆர்டர் கிடைத்தது, அவள் போட்ட படத்துக்குத்தான் கிடைத்தது, அந்தச் சந்தோஷம் போதாதா? அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இதற்கா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள்? நீங்களே சொல்லுங்கள்.

படிக்கல்லாம், தட்டாம். நன்றாகப் பேசுகிறாள், உங்கள் மகள் அல்லவா. சுவிட்சை அணைத்து என் பெயரைக் கெடுத்தது அவளுக்கு விளையாட்டு. நான் வாடிக்கையாளர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தாளா?

போகட்டும். பேனலில் பழுது இல்லை என்பது இப்போது உங்கள் கையாலேயே நிரூபணமாகிவிட்டது. யாரும் தொடாமல் விட்டால் ஒரு வாரம் என்ன, ஒரு மாதம் முழுக்க இருபது வரும். உங்கள் நிபந்தனை உங்கள் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது. எடை அளவு பார்த்தவர் வாக்கில் குறைவு வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை.


ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

ஞாயிறு வர வேண்டாம்.

உங்கள் கடைசிக் கடிதத்தை மேசையில் படித்தேன், முழுதாக. மில்காரர் விஷயத்தைப் படிக்கும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் இப்படி எழுதறாரு" என்றாள். ஞாயிறு வருகிறேன் என்ற இடம் வந்ததும், "நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. என் வாயில் வந்தது இது. "எழுதிக் குடுத்துட்டேனேம்மா. நாளைக்கு அவன் முன்னாடி என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்ட சரக்கு இந்தக் கடையில் இல்லை என்றதும் அடுத்த கடைக்குப் போகிறவள் மாதிரி எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

வியாழக்கிழமை காலை கிளம்பிவிட்டாள். வேறொரு ஊரில் பேனல் மாட்டுகிற ஒரு கம்பெனியில் கூரைப் படம் போடுகிற வேலையாம். நாம் இருவரும் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவள் மேல் அறையில் உட்கார்ந்து அவர்களுக்குப் படங்கள் அனுப்பியிருக்கிறாள். "இதெல்லாம் யாரு போட்டதுன்னு கேட்டாங்கப்பா. நான்தான்னேன். நம்பிட்டாங்க" என்றாள். இவ்வளவு சுலபமான வேலையை அவளுக்கு நாம் இருவரும் எவ்வளவு கஷ்டமாக்கி வைத்திருந்தோம் என்பது போல ஒரு பார்வை.

வாசல்வரை போய், "விலாசம் குடுத்துட்டுப் போம்மா" என்றேன்.

"எதுக்குப்பா, கடிதம் எழுதவா? ரெண்டு பேரும் ரொம்ப நல்லா எழுதறீங்க. ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்குங்க."

போகும்போது பையைத் தூக்கித் தருகிறேன் என்றேன். கனமில்லை என்றாள்.

உங்களைத் திட்டி நிறைய எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். உங்களைப் போல ஒரு ஆளிடம் மகளைக் கொடுத்தேனே என்று எழுத ஆரம்பித்தேன். அவள் உங்களிடமிருந்து ஒரு பையோடு வந்தாள், என்னிடமிருந்தும் அதே ஒரு பையோடு போனாள் என்பது பாதியில் நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன்.

உங்கள் பேனல் நேற்றோடு ஒரு வாரம், ஒருநாளும் குறையாமல் இருபதுக்கு மேலேயே கொடுத்தது. நீங்கள் சொன்னது சரி. ஜெயித்துவிட்டீர்கள். அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை.

மாமனார்.


ஏப்ரல் 22

மாமா,

உங்களுக்காவது ஏதாவது எழுதினாளா?


ஏப்ரல் 27

மாப்பிள்ளைக்கு,

இல்லை.

மின்சாரம் குறையில்லாமல் வருகிறது.